நாற்பத்து மூன்று வாளி

வீடு வாடகை.
மேல்தட்டும் வாடகைக்குள்தான் வரும்.
வாளிகள் மட்டும் எங்களுடையவை:
பெயின்ட் வாளி பதினெட்டு,
ஐஸ்கிறீம் டப்பா ஒன்பது,
மிச்சமெல்லாம் மீன்வாடியிலிருந்து
பரராசன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த
விளிம்புடைந்த ரெஜிபோம் பெட்டிகள்.
எல்லாவற்றையும் வாளி என்றே எண்ணுகிறோம்.

சந்தையில் மீன் வெட்டுகிறவன்
செதிலும் குடலும் சும்மா தருவான்.
தேயிலைச் சக்கை, முட்டைக்கோது,
பூசணிக்குள் வழித்தெடுத்த சோறு,
கோயில் வாசலில் கூட்டியள்ளிய வேப்பஞ்சருகு.
நாலு வருஷம்.
பிடித்தால் கையோடு வருகிற
கறுத்த மண்.

கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து
வெண்டி இலையில் வைத்துவிட்டுப் போகும்.
விடிய எழும்பி இலை இலையாய்க் கழுவுவேன்.
தண்ணி பில்லைப் பார்த்துவிட்டு
"சவர்க்காரமும் போடுறனியோ?" என்றான்.

கேற்றடியில் வைத்த பயிற்றையை
ஒரே இரவில் மான்கள் தின்றுவிட்டன.
கோட்டைப் பக்கத்து மான்கள்,
கடைத்தெருவில் லைட்கம்பத்தோடு முதுகு உரசுபவை.
அவற்றிடமும் உறுதி இல்லை, பெர்மிட் இல்லை.
திட்ட மனம் வரவில்லை.

என் கொப்பியில் இரண்டு பக்கம்.
வரவில்,
பொன்னாங்காணி பன்னிரண்டு கட்டு,
கொச்சி கால் கிலோ,
பிறகு,
சந்தையில் வாங்காமல் விட்ட கத்தரியின் விலை.
அதையும் வரவில்தான் எழுதுகிறேன்.
வங்கியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பன்குளத்தில் அரை ஏக்கர்.
தரகர் புகாரி சொன்னார்:
உறுதிக் காணி, ரெண்டு பனை, கட்டுக்கிணறு,
யானைவேலிக்கு உள்பக்கம்.
எங்களுக்கு உள்ளா, யானைக்கு உள்ளா
என்று பரராசன் கேட்டான்.
எங்களிடம் பதினொன்று இருந்தபோது
காணி பதினேழு லட்சம்.
நாங்கள் பதினாலைத் தொட்டபோது
அது இருபத்தொன்றில் நின்றது.
முன்னால் போகிற பஸ்ஸின் பின்கண்ணாடியில்
முகம் பார்த்தபடி ஓடுகிறோம்.

புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்காரி வந்தாள்.
மிஸிஸ் கிளமென்ற், குடையால் கூரையைக் காட்டினாள்.
விறாந்தைக்கு மேலே மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு.
"மாதம் முடியமுதல் மண்ணெல்லாம் கீழே."

இருபத்தேழு படி.
பேர்ச் கணக்கில் மண் பேசுகிறவர்களுக்கு
ஈரமண் ஒரு வாளி
முதுகில் என்னவென்று தெரியாது.
இறக்கியாயிற்று. எங்கே கொட்டுவது?
குப்பை ட்ரக்டர் வந்து நின்றது.
நான் கேற்றைச் சாத்தினேன்.

ஆறாயிரத்துக்கு ஒரு பட்டா லொறி பிடித்து
கன்னியா தாண்டி, இருட்டுகிற நேரம்,
எங்களுடையதல்லாத அந்தக் காணிக்குள்
கிணற்றடியில் கவிழ்த்தோம்.
பரராசன் இரண்டு தரம் ரோட்டைத் திரும்பிப் பார்த்தான்.
களவாய்க் கொடுக்கவும்
களவெடுக்கிற அளவுக்கே நெஞ்சு அடித்தது.
வெறும் வாளிகள் வழிநெடுக
ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டு வந்தன.

மாரி பெய்து ஓய்ந்து தை பிறந்தது.
புகாரி போன் எடுத்தார்.

"தங்கச்சி, அந்தக் காணிக் கிணத்தடியில
பூசணி காய்ச்சிக் கிடக்கு.
ஒருத்தரும் நடல்ல, தானா வந்தது.
பதினொரு காய்! அப்பிடி மண்.
சொந்தக்காரர் போய்ப் பாத்திட்டு
இப்ப இருபத்துமூணு சொல்றார்."

போனை வைத்துவிட்டுக் கொப்பியை விரித்தேன்.
பூசணி, பதினொன்று.
பேனை மூடி திறந்தபடி.
வரவிலா, செலவிலா?

குசினிக்குள்ளிருந்து பரராசன் கேட்கிறான்,
சிரிப்பை இன்னும் விழுங்க முடியாமல்:
"கிலோ என்ன விலை போகுதாம் இப்ப?"