நாண்

ஆறு வருஷம் கட்டிலுக்கடியில் கிடந்தும்
வில் தன் வளைவை மறந்திருக்கவில்லை.
நாண் கழற்றியதும் எதிர்ப்பக்கமாய்ச்
சுருண்டு படுத்துக்கொள்ளும் ஜாதி அது.
உறையைப் பிரித்தபோது
தூக்கம் கலையாத பூனை மாதிரி கிடந்தது.

மறந்தது விரல்தான்.
எருமைக்கொம்பு மோதிரம்
கட்டைவிரல் கணுவில் முட்டி நின்றுவிட்டது.
சோப்பு போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன்.
நாளுக்கு இருபது கிலோ சிப்பிச்சதை,
கத்தி நுழைத்து, நெம்பி, வழித்து,
தொங்யோங்கின் ஆறு குளிர்காலமும்
இந்த ஒரு கணுவில் குடியேறியிருந்தன.
உப்புத்தாள் வாங்கி வந்து
இரண்டு இரவு மோதிரத்தின் உள்வாயைத் தேய்த்தேன்.
கொம்பு தேய்கையில் முடி கருகும் வாசனை.

ஏன் விட்டாய் என்று கேட்டால்
தோள்பட்டை என்பேன்.
தோள்பட்டையும்தான்.
அப்புறம் கடன். அப்புறம் வெறும் சோம்பல்.
சோம்பலுக்குத்தான் அதிக வருஷம் போனது.

ஞாயிறு காலை, கடற்காற்றில்
கொடி பக்கவாட்டில் விறைத்து நின்றது.
செயலர் தோ என் வில்லை வாங்கி, எடை பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் சுவரில் சாய்த்தார்.
முப்பத்தாறு பவுண்ட் வில் ஒன்றை நீட்டினார்.
புதிதாய்ச் சேர்பவர்களுக்குக் கொடுப்பது.
நான் நாற்பத்தெட்டு இழுத்தவள்.
வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு வழக்கம்:
முதல் அம்புக்கு முன் யாரானாலும் தலை தாழ்த்தி
"வில் பயில்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.
"நிறையத் தைக்கட்டும்" என்பார்கள் மற்றவர்கள்.
முப்பது வருஷம் எய்தவரும் அதையே சொல்வார்.
நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்,
வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி.
அன்றைக்கு அந்த இரண்டு சொல்
மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
முதல் தடவையாக அது உண்மை.

நூற்று நாற்பத்தைந்து மீட்டர்.
பலகை தீப்பெட்டிப் படம் அளவு.
முதல் அம்பு பாதி வழியில்
வீடு வந்துவிட்ட மாதிரி புல்லுக்குள் இறங்கியது.
பல் மருத்துவர் ப்யோன் தன் முறைக்கு எய்தார்,
அங்கே சிவப்பு விளக்கு எரிந்தது,
மன்னிப்புக் கேட்பதுபோல் இருமினார்.
என் இரண்டாவது
பக்கத்துப் பலகையை நோக்கிப் போய்
மனம் மாறி அதையும் விட்டது.
மூன்றாவதில் நாண் கன்னத்தில் அறைந்தது.
சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
யாரும் திரும்பவில்லை, அதுதான் இங்கே மரியாதை.
நாண் பட்ட இடம் எரிந்தது.
படாத கன்னம் ஏன் சிவந்தது?

நான்காவதை இழுத்துப் பிடித்தபோது
முதுகின் இரண்டு பட்டை எலும்புகளும்
மெல்ல நெருங்கி வந்தன,
பேச்சுவார்த்தை நின்றுபோன உறவுக்காரர்கள்
கல்யாண வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்ததுபோல.
பேசவில்லை.
எழுந்து போகவும் இல்லை.
ஒரு மூச்சு, ஒன்றரை மூச்சு நேரம்
கடல் இல்லை, கடன் இல்லை, பலகைகூட இல்லை.
அம்பு போன இடத்தை
நான் பார்க்க மறந்துவிட்டேன்.
பத்தடி குறைவு என்றார் தோ.

ஐந்தாவதை எய்யவில்லை.
இடுப்புக் கச்சையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கள், விடியுமுன், சிப்பிக் கொட்டகை.
ஆவி, ரப்பர் கையுறை, ஓட்டுக் குவியல்.
என் கன்னத்தில் நீளமாய்
கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கோடு.
"எவன்டி அடிச்சான்?"
கத்தியோடு எழுந்தே விட்டாள் மால்-சுன்.
"நானாப் போய் வாங்கிக்கிட்டேன்," என்றேன்,
"அடுத்த ஞாயிறும் போகணும்."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு தன் வாளியிலிருந்து
இரண்டு கை சதையை அள்ளி
என் வாளியில் போட்டாள்.