கூட்டரசின் குழி

குபோக்கோ போகும் வழியில்
ஆள் இறங்கினால் இடுப்பளவு.
பக்கத்திலேயே புத்தம்புதுப் பலகை:
"இது கூட்டரசின் சாலை. பொறுத்தருள்க.
இப்படிக்கு, பெனுவே மாநில அரசு."
பலகைக்கு ஆன காசில்
பாதிக் குழி தூர்ந்திருக்கும் என்கிறான்
பஞ்சர் ஒட்டும் இயோர்ஃபா.

நுகுவான் ஆரஞ்சு விற்கிறாள்.
சாலையோரமும் அபுஜாவுக்கே சொந்தமென்று
ஒருவன் வந்து அவள் கடைத் தட்டியில்
சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டான்.
சாயம் காயுமுன்னே
மாநிலத்து வரிக்காரன் வந்தான்.
தட்டிமேல் வைத்தே ரசீது எழுதினான்,
முழங்கையெல்லாம் சிவப்பு.

கடைக்கு இரண்டு பேர்.
குழிக்கு ஒருத்தருமில்லை.

போன மாதம் இயோர்ஃபாவே
செங்கல் உடைத்துக் கொட்டி நிரப்பினான்.
லாரிகள் வேகம் குறையாமல் பறந்தன.
ஒன்பது நாள் பழம் அழுகியது.
அவனுக்கும் ஒரு டயர்கூட வரவில்லை.

பத்தாம் நாள் இரவு மழை.
எல்லாம் கரைந்துவிட்டது என்றாள் நுகுவான்.
செங்கல் எங்கே கரையும்?

அவள் கூடைகளுக்கு அடியில்
முட்டுக் கொடுத்திருக்கும் துண்டுகளை
இயோர்ஃபா பார்க்கிறான்.
ஒன்றும் கேட்கவில்லை.
தூரத்தில்
முதல் லாரி பிரேக் போடுகிறது.