நான்கிலிருந்து ஆறு வரை

பக்கத்துக்கு ஆறு லெய்.
கார்பன் பிரதிக்குத் தனியாக ஒன்றரை.
அடுப்புக் கரி என் செலவு.

முதல் பாகம் முழுக்க ஒரு கையுறை.
செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு
இரண்டோடு வெளியே போனவள்
ஆறு மணிக்கு ஒன்றோடு திரும்பினாள்.
நடந்தது இவ்வளவுதான்.
மீதி நாற்பத்தொரு பக்கமும்
கணவன் யோசிக்கிறான்.

என்ன யோசனை!
தன் நெஞ்சைத் தானே துண்டுபோட்டு
தராசில் வைத்து
தட்டு அசைந்தால் அதையும் எழுதி,
அரைப்புள்ளி மேல் அரைப்புள்ளி வைத்து,
என் பொறியில் அந்த எழுத்தே தேய்ந்துபோனது.

அவள் பெயர் ஸ்மராந்தா.
பதினேழாம் பக்கத்தில் கண் பச்சை,
தொண்ணூற்றிரண்டில் சாம்பல்.
எது சரி என்று கேட்டு அனுப்பினேன்.
“அவன் மனநிலைக்கு எது பொருந்துமோ அது”
என்று சீட்டு வந்தது.
இரண்டையும் அப்படியே அடித்தேன்.

அவளுக்குப் பிடரி உண்டு, கணுக்கால் உண்டு,
அரையிருட்டில் ஒரு புன்னகை உண்டு.
புன்னகைக்கு மட்டும் பதினோரு பக்கம்.
புதிர் என்கிறார், ஏரி என்கிறார்,
ஓரிடத்தில் பூனை.
அவளுக்குப் பசித்ததாக ஒரு வரி இல்லை.
ஒரு தபால்தலை வாங்கியதில்லை, பாவம்.
வாய் திறந்து சொன்னதை எண்ணிப் பார்த்தேன்:
“குளிர்கிறது” இரண்டு தரம்,
“ஒன்றுமில்லை” பத்தொன்பது தரம்.

கட்டை வாங்க அவர் வரவில்லை.
மனைவி வந்தாள், தொப்பியில் பனியோடு.
ப்ரொஃபிரா என்றாள், நான் கேட்காமலே.
பணத்தை எண்ணி வைத்தாள்.
போகவில்லை.

“கடைசியில் அவள் என்ன ஆகிறாள்?”

“இருமுகிறாள். ஒரே ஒரு முறை.
பிறகு அவன் ஜன்னலுக்குப் போய்
கதை முடியும்வரை நிற்கிறான்.”

சிரித்துவிட்டாள்.
அடுப்பில் இரண்டு கரி கூடப் போட்டேன்.

“அந்தச் செவ்வாய்க்கிழமை
பல் பிடுங்கப் போனேன்.
மளிகைக் கணக்கில் ஒளித்த எண்பது லெய்.
ரத்தம் நிற்கவில்லை, கையுறையைக் கடித்துக்கொண்டே நடந்தேன்,
தும்போவிட்சா பாலத்தில் எறிந்தேன்.”

உதட்டை விரலால் ஒதுக்கிக் காட்டினாள்.
கோரைப்பல்லுக்கு அடுத்து, கருப்பாக, ஒரு சந்து.
சிரித்தால் யாருக்கும் தெரியும்.
பதினோரு பக்கத்தில் அது இல்லை.

“நீங்கள் சொல்லியிருக்கலாமே?”

“அவர் எங்கே கேட்டார்?
பார்த்துக்கொண்டே இருந்தார்.”

வசந்தத்தில் புத்தகம் வந்தது.
பெண்மனத்தின் அடிவரை இறங்கியவர்
என்று ஒரு பத்திரிகை எழுதியது.
ஹோட்டலில் விருந்து நடந்ததாம்.

பிழையாய் விழுந்த ஒரு கார்பன் பிரதி
என் மேசை அறையில் கிடக்கிறது, தேடுவாரில்லை.
கையுறை வரும் பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்:

பல். எண்பது லெய்.
கண், பழுப்பு.