எண்பத்து நாலு சதம்

பதினோரு இடத்துக்கு எழுதிப் போட்டேன்.
பெங்களூருக்கு ஏழு, சென்னைக்கு மூணு,
சரவணம்பட்டியில் பேக்கரி மாடியில் இருக்கிற ஒண்ணுக்கு.
அந்த ஒண்ணுதான் பதில் போட்டது:
செய்து முடித்த கேம் ஏதாவது இருக்கிறதா?
இருந்தது, பாதி.

ஆக, இந்த மே மாசம்
திருப்பூர், காங்கயம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி.
பேட்டர்ன் செக்‌ஷன்.
வாரம் இரண்டாயிரத்து எழுநூறு, சனிக்கிழமை கையில்.
"கம்ப்யூட்டர் வேலைதானுங்களே?"
அப்பா கேட்டது என்னையல்ல, மேனேஜரை.
"கம்ப்யூட்டர்தானுங்க."
அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோனது.

திரையில் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை,
கழுத்துப் பட்டி.
ஓர் உடம்பைத் தட்டையாக்கி
துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கணும்.
சாய்க்கக் கூடாது,
சாய்த்தால் ஒரே சலவையில் கோணிக்கொள்ளும்.
எண்பத்தொன்று. எண்பத்தொன்றரை.
மிச்சமெல்லாம் கட்டிங் வேஸ்ட்,
மூட்டையாகி கிலோக் கணக்கில் போகும்.

ராத்திரி என் பாதி கேமைத் திறந்தேன்.
நொய்யல் கரையில் ஓடுகிற ஒரு கீரி.
ஒவ்வொரு லெவலுக்கும் ஆறு வேறொரு சாயத்தில் ஓடும்,
அதை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.
கீரியின் தோலை உரித்து
ஒரு சதுரத்துக்குள் விரிக்கத் தெரியாமல்
போன வருசம் மூணு வாரம் முட்டி நின்றிருந்தேன்.
இப்போது கை தானாகப் போனது:
தையல் வயிற்றடியில், கண் போகாத இடத்தில்.
காது இரண்டையும் வால் இடுக்கில் செருகு.
மணி இரண்டே கால்.
கொசு மட்டும் முழித்திருந்தது.

டீ டைமில் கட்டிங் டேபிள் சுக்ரா முண்டாவிடம்
போனைக் கொடுத்தேன்.
ஜார்க்கண்டிலிருந்து வந்து எட்டு மாசம்.
எப்படி ஆடணும் என்று
எட்டு வரி எழுதி வைத்திருந்தேன், நல்ல தமிழில்.
ஒரே தள்ளு. எட்டும் போச்சு.
அடுத்து அவன் செய்ததுதான்:
கீரியை இடப்பக்கம் ஓட்டினான்.

நான் ஒருநாளும் இடப்பக்கம் போனதில்லை.
ஆறு வலப்பக்கம், பரிசு வலப்பக்கம்,
இடப்பக்கம் சுவர் வைக்கவே மறந்திருந்தேன்.
கீரி உலகத்தின் ஓரத்தைத் தாண்டி
விழுந்தது, விழுந்தது,
விழுந்துகொண்டே இருந்தது.
சுக்ரா சிரித்தான். "கிர் கயா!"
அக்கட்டால இருந்து இன்னும் மூணு தலை.
ஆளுக்கொரு தடவை தள்ளிவிட்டார்கள்.
பெல் அடிக்கிற வரைக்கும் அதுதான் கேம்.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை.
அன்றைக்கு எட்டு வரியையும் அழித்தேன்.
முதல் பள்ளத்தைச் சாகவே முடியாத அளவுக்குச் சின்னதாக்கினேன்,
தாண்டுவது எப்படியென்று பள்ளமே சொல்லிக்கொள்ளட்டும்.
இடப்பக்கம் சுவர் வைக்கவில்லை.
ஒரு சாக்கடைக் குழாய் வைத்தேன்,
நுழைந்தால் எங்கே போகும் என்று இன்னும் முடிவாகவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை எண்பத்து நாலு.
மாஸ்டர் துரைக்கண்ணு பார்த்தார்,
"ம்" என்றார், பிரிண்ட் கொடுத்தார்.

இப்போது சரவணம்பட்டிக்கு மறுபடி எழுதுகிறேன்.
முன் அனுபவம் என்று ஒரு கட்டம்,
இருநூறு எழுத்துக்குள்.
பேட்டர்னை வைத்தேன், தையலை வைத்தேன்,
காதை இடுக்கில் செருகினேன்.
சுக்ராவுக்கு மட்டும் இடம் அமையவில்லை,
சாய்க்காமல்.