பென்சில் தடிமன்

படிவத்தின் ஒன்பதாம் கட்டம் கேட்கிறது:
ஆய்வினால் விளைந்த தாக்கம் யாது,
முந்நூறு சொற்களுக்கு மிகாமல்.
ஹிலரி கார்த்வெய்ட் அதைக் காலியாக அனுப்பியிருக்கிறார்.
நிரப்ப வேண்டியது நான்.
துறை அலுவலகத்தில் எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

கோப்பில் இருப்பது இவ்வளவு:
நகரமைப்பு விரிவுரையாளர், முப்பத்து நான்கு ஆண்டுகள்.
பேராசிரியர் பதவிக்கு மூன்று விண்ணப்பம்.
மூன்றாவது மறுப்புக் கடிதத்தில்
பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள்.
ஒரே புத்தகம், நூற்றுப் பத்துப் பக்கம்;
நூலகத்தில் கழிவுநீர் வடிகால் அடுக்கில் இருக்கிறது.

கோப்பில் இல்லாதது:
எழுபத்தொன்றில், இருபத்திரண்டு வயதில்,
ஹல் மாநகரப் பொறியாளர் அலுவலகத்தில்
அவர் ஒரு கோடு போட்டார்.
சுற்றுச்சாலை.
மேலதிகாரி விரலால் காட்டிய வழியே
மீன்துறையிலிருந்து ரயில் பாதை வரை
ஒரே இழுப்பு.
வெள்ளிக்கிழமை. மதியத்துக்கு மேல் நடனம் இருந்தது.

கோடு போட்டால் ரோடு போட்டுவிடுவான் என்று
கெட்டிக்காரனைச் சொல்வதுண்டு.
அந்த நகராட்சியில் கெட்டிக்காரன் ஒருவனும் இல்லை.
பணம் வரவில்லை, கட்சி மாறியது, மறுபடி மாறியது,
கோடு இருபத்தேழு வருடம்
கோடாகவே இருந்தது.

பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவு.
காகிதத்தில் அரை மில்லிமீட்டர்.
தரையில் ஐந்து மீட்டர்.

அந்த ஐந்து மீட்டருக்குள்
அறுபத்து மூன்று வீடுகள்.
இடிக்கப்போகும் வீட்டுக்குக் கடன் எதற்கு என்றது வங்கி.
இடிக்கப்போகும் வீட்டுக்கு ஓடு எதற்கு என்றது நகராட்சி.
இடிக்கவும் இல்லை.
ஸ்டெய்த் தெரு பதினான்காம் எண்ணில்
சமையலறை கோட்டுக்குள்,
கூடம் கோட்டுக்கு வெளியே.
வீட்டுக்காரர் ஜன்னல் சட்டத்தில் பாதிக்கு மட்டும்
வண்ணம் அடித்து வைத்திருந்தார்.

ஹிலரி அரசு வேலையை விட்டுப் பாடம் நடத்த வந்தார்.
சனிக்கிழமைகளில் அந்தத் தெருக்களுக்குப் போனார்,
குடையும் அளவு நாடாவுமாக, பதினோரு வருடம்.
மழை நாளில் கூரைக்கடியில் வைத்த வாளிகளை எண்ணினார்:
அறுபத்து மூன்று வீட்டில் தொண்ணூற்றொன்று.
வாளி ஓர் அலகு ஆகாது என்று
கட்டுரையைத் திருப்பியது ஆய்விதழ்.
அவர் வாளிகளை எடுக்காமல்
தலைப்பை மட்டும் மாற்றி வேறிடம் அனுப்பினார்.

பதினான்காம் எண்ணில் டோரீன் ஸ்டாம்பர்.
எழுபத்து நான்கில் வாங்கிய சுவர்த்தாள்,
ஆரஞ்சு வட்டங்கள், ஆறு சுருள்,
மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.
'ரோடு வரட்டும், வராமல் போகட்டும்,
ஏதாவது ஒன்று தெரிந்தபின் ஒட்டலாம்.'

கடைசி ஆண்டில்தான் ஹிலரி சொன்னார்,
போட்டது நான் என்று.
வரைபடத்தை மேசையில் விரித்தார்.
டோரீன் கண்ணாடி போட்டுக்கொண்டு
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
கோடு ஓரிடத்தில் மழுங்கி அகன்றிருந்தது,
சரியாக அவர் அடுப்படிக்கு மேல்.

'ஏம்மா,
பென்சிலைச் சீவியிருக்கக் கூடாதா?'

அதற்கு மேல் அவர் ஏதும் கேட்கவில்லை.
ஹிலரியும் எங்கும் எழுதவில்லை.
எனக்கு ஒருமுறை நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே,
காகிதம் சிக்கிக்கொண்ட நேரத்தில் சொன்னார்.
சொல்லிவிட்டுத் தட்டைத் திறந்து
கிழிந்த துண்டை விரலால் நோண்டி எடுத்தார்.

தொண்ணூற்றெட்டில் கோடு ரத்தானது.
ஆணையின் அடிக்குறிப்பில் அந்தப் புத்தகம்,
பக்கம் எழுபத்து நான்கு.
கடிதம் மலிவு தபாலில், ஒரு வாரம் தாமதமாக வந்தது.
டோரீன் சுவர்த்தாளை ஒட்டினார்.
ஒரு சுருள் பூஞ்சணம் பிடித்திருந்ததால்
கதவோரச் சுவருக்குப் போதவில்லை.

கட்டத்தில் நான் தட்டச்சு செய்கிறேன்:
ஐந்து மீட்டர்.
கணினி ஏற்கவில்லை.
குறைந்தது ஐம்பது சொற்களாவது வேண்டுமாம்.

சரி.
ஆறு சுருள், ஆரஞ்சு வட்டங்கள்
என்று ஆரம்பிக்கிறேன்.