ஸ்டேஜ் பதினேழு

டின் ஃபேக்டரி தாண்டி மேம்பாலம் இறங்கியதும்
ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டருக்கு
என் தம்பி.

போன திங்கட்கிழமை பலகை திறந்தார்கள்.
அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.
முன்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி.
தன்னலமற்றவர் என்று மூன்று முறை சொன்னார் மைக்கில் ஒருவர்,
என் முதல் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளை
ஒருநாளும் எனக்குத் தராதவனை.
துணியை இழுத்தபோது முடிச்சு சிக்கிக்கொள்ள
ஒரு ஹவல்தார் கம்பத்தில் ஏறி அவிழ்த்தார்.
அவன் இருந்திருந்தால்
யார் போட்ட முடிச்சு இது என்று கத்தியிருப்பான்.
சாப்பர் பயல். முடிச்சு விஷயத்தில் மட்டும் முன்கோபி.

பச்சைப் பலகை. மேலே கன்னடம், கீழே ஆங்கிலம்.
பொழிலன் என்று பெயர் வைத்தவர் அப்பா,
தொழிற்சாலையில் லேத் ஓட்டியபடி
எங்கள் இருவர் பெயரிலும் ஒரு ழகரம் செருகியவர்.
பெங்களூர் அதை ஒன்றாம் வகுப்பிலேயே பிடுங்கிக்கொண்டது.
சட்டைப்பை மேல் குத்திய வில்லையில் நான் குளலி.
பலகையில் அவன் போலிலன்.
கன்னடத்தில் போலி என்றால் ஊர்சுற்றி.
தமிழில் என்னவென்று சொல்ல வேண்டாம்.
திருத்தச் சொல்லி மனு எழுதினேன்; கிழித்தேன்.
இரண்டு அர்த்தத்துக்கும்
வயிறு வலிக்கச் சிரித்திருப்பான்.

செவ்வாய்க்கிழமை டிக்கெட் மெஷினிலும் மாறிவிட்டது.
அதுவரை அது ஹுணசேமர கேட்.
புளியமரம் வெட்டிப் பத்து வருஷம்,
கேட் எப்போதுமே இருந்ததில்லை.
புதுப் பெயர் நீளமென்று முதல் சொல்லோடு அறுந்து
தாளில் வருகிறது: மேஜர்.

ஒந்து மேஜர் கொடி.
அக்கா, ரெண்டு மேஜர், ஒரு கே.ஆர். புரம்.
சில்லறை இல்லையா, மேஜர்ல இறங்கறப்ப வாங்கிக்கோ.
பெண்களுக்கு இலவசம் என்பதால்
நாளெல்லாம் கிழித்துக் கொடுக்கிறேன்
மேஜர், ரூபாய் பூஜ்யம்.
மழை பிடித்தால் 'மேஜர் முழுகிடுச்சாம்' என்கிறார்கள்.
'இந்த மேஜரால தினமும் லேட்டு' என்கிறாள்
கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பெண்.

அவன் செத்தது பெயரில்லாத சாலையில்.
சரிந்த மலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தபோது
மறுபடி சரிந்தது.
எந்த இடம் என்று ஃபோனில் கேட்டேன்.
கர்னல் ஒரு நொடி தடுமாறி
நூற்று நாற்பத்திரண்டாவது கிலோமீட்டர், மேடம், என்றார்.
எனக்குப் புரிந்தது.
நானும் ஸ்டேஜ் கணக்கில் வாழ்கிறவள்தானே.

லீவில் வந்தாலும் உட்கார மாட்டான்.
பூட்ஸ் கழற்றாமல் வாசலில் நின்றே காபி.
'கண்டக்டரே, ரைட் கொடு' என்று
தோளில் ஒரு தட்டு. போய்விடுவான்.
சேர்ந்தாற்போல் கால்மணி நேரம் பார்த்ததில்லை அவனை.

இப்போது சாயங்காலம் ஆறரைக்கு
அந்த ஒன்று புள்ளி எட்டைக் கடக்க நாற்பது நிமிஷம்.
ஸ்டியரிங் மேல் தலை வைத்துக் கண்ணயர்கிறான் ஹொன்னப்பா.
ஹார்ன்கள் அலறுகின்றன.
நான் கம்பியில் சாய்ந்து சில்லறை எண்ணுகிறேன்,
முடிந்ததும் முதலிலிருந்து.

நேற்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டான்:
யாரு ஆண்ட்டி இந்த மேஜர், சண்டையில செத்தாரா?
ரோடு போடறவரு, என்றேன்.
அப்ப இந்த ரோடு மட்டும் ஏன் இப்படி இருக்கு?
பஸ்ஸே சிரித்தது. நானுந்தான்.

கடைசி ட்ரிப்பில் இறங்க ஆளில்லை.
ஆளில்லாத ஸ்டாப்பை யாரும் கூவுவதில்லை.
கூவினேன்.
முழுப்பெயர். நாக்கை மடித்து, ழகரத்தோடு.
ஹொன்னப்பா ஒன்றும் கேட்காமல் ஓரங்கட்டினான்.
கதவு திறந்தது.
டீசல் புகையும் கொஞ்சம் தூறலும் ஏறின.

ரைட் சொல்ல
எனக்குச் சற்று நேரமாயிற்று.