விலை குறைந்த வாரம்

மூன்று கோடை தொடர்ந்து
ஃப்ளோரிடாவில் அதே வாசலில் நின்றோம்.
அதே பிளாஸ்டிக் கைப்பட்டை.
மூன்று நிமிடச் சவாரிக்கு
தொண்ணூறு நிமிடம் என்று மின்னும் அதே பலகை.
போன வருடம் ப்ரூனோ வரிசையில் நின்றபடியே தூங்கிவிட்டான்,
தடுப்புக் கயிற்றில் கன்னத்தைச் சாய்த்து.
அந்தத் தூக்கத்துக்கும் சேர்த்துத்தான்
டிக்கெட் வாங்கியிருந்தோம்.

இந்த வருடம் சவுத் பெண்டில்
காஸிமிரின் வார்ப்பாலை ஓர் உலையை அணைத்தது.
வாரத்தில் நான்கு நாள் வேலை.
மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்:
விமானம் நான்கு பேருக்கு,
ஓட்டல், நுழைவு, வாகன நிறுத்தம்,
தண்ணீர் பாட்டில். அதை நான் மறப்பதே இல்லை.
கூட்டி முடித்ததும் உறையைத் திருப்பி வைத்தேன்.
மின்கட்டணமே தேவலாம் என்றிருந்தது.

"இந்தத் தடவை வேற எங்கயாவது போவோம்."
ஹாலினா முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.
பதினோரு வயதில் இத்தனை மௌனத்தை
யாரிடம் கற்றாளோ.
என்னிடம்தான்.

ஈரி ஏரி. காரில் மூன்று மணி நேரம்.
ஓர் அறைக் குடில், அடுக்குக் கட்டில்,
ஐந்து இரவுக்கும் சேர்த்து
இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட விலை.
தொலைபேசியில் திருமதி வான்ஹார்ன் கொஞ்சம் தயங்கினார்:
"ஜூன் கடைசின்னு தெரிஞ்சுதானே கேக்குறீங்க?"
தெரியும் என்றேன்.
எனக்குத் தெரிந்தது தேதி மட்டும்.

முதல் நாள் இருட்டியதும்
ஏரி எழுந்து வந்தது.
அப்படித்தான் தோன்றியது.
விளக்கில், கதவில், காரின் கண்ணாடியில்,
காஸிமிரின் தொப்பியில்,
நீளவால் வைத்த ஏரி ஈசல்கள்,
ஒன்றின்மேல் ஒன்றாக, மீன் வாடையோடு.
ஹாலினா அலறியது
எந்த ராட்டினத்திலும் கேட்காத அலறல்.
பெட்ரோல் பங்கில் விளக்கை அணைத்துவிட்டு
ஒருவர் பனி அள்ளும் மண்வாரியால்
பூச்சியை அள்ளிக்கொண்டிருந்தார்.
ஜூன் மாதத்தில்.

மலிவின் காரணம் காலடியில் நொறுங்கியது.
காஸிமிர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.
காலையில் துடைப்பத்தோடு வந்த திருமதி வான்ஹார்ன் சொன்னார்:
"கடிக்காது. கடிக்கறதுக்கு வாயே கிடையாது.
ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும்."
வாயில்லை!
எத்தனை லட்சம் விருந்தாளி வந்தாலும்
ஒரு கவளம் செலவில்லை.
அந்த மாதம் நான் கேட்ட முதல் நல்ல செய்தி.

மூன்றாம் நாள் மாலை
ஹாலினாவின் சட்டைக் கையில் ஒன்று உட்கார்ந்தது.
தட்டப் போனவள் நிறுத்தினாள்.
அதன் முதுகு பிளந்துகொண்டிருந்தது.
இறக்கை முளைத்த பிறகும்
இன்னொரு தரம் தோல் உரிக்கும் பூச்சி;
பழைய இறக்கைக்குள்ளிருந்து புது இறக்கையை
கையுறை கழற்றுவதுபோல் உருவியது.
அவள் கையை அசைக்கவே இல்லை.
எவ்வளவு நேரம் என்று சொல்ல
அங்கே பலகை இல்லை.
ப்ரூனோ கிசுகிசுத்தான், "அடுத்து என் முறை."

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.
நான்காம் நாள் முழுக்க மழை.
சீட்டுக்கட்டில் ஸ்பேட் ராணியைக் காணோம்.
இருவரும் ஒரே போர்வைக்காக அடித்துக்கொண்டார்கள்.
நானும் ரகசியமாக நினைத்துக்கொண்டேன்
ரோலர் கோஸ்டரின் அந்த முதல் இறக்கத்தை,
வயிறு தொண்டைக்கு வரும் அந்த ஒரு நொடியை.
அது எனக்குப் பிடிக்கும். இன்னும் பிடிக்கும்.

அக்டோபரில் முதல் குளிர்.
பள்ளிக்குப் போகும் வழியில், சிக்னலில்,
காரின் ஹீட்டரைப் போட்டேன்.
காற்றுத் துளையிலிருந்து
ஓர் இறக்கை புறப்பட்டது.
செல்லோஃபேன்போல, கோடு கோடாக,
சுற்றிச் சுற்றி மேலேறியது.
பின் இருக்கையில் சண்டை நின்றது.
விளக்கு பச்சையானது தெரியும்.
பின்னாலிருந்தவர் இரண்டு தரம்
ஹாரன் அடித்தார்.